மஞ்சள் வாளியில் போன தூள்

அகதி வழக்கு முடியும்வரை சம்பளத்துக்கு வேலை செய்ய விடமாட்டார்கள். சும்மா இருக்கவும் விடமாட்டார்கள். ஜெர்மனியில் கொலோனுக்குக் கிட்ட இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் குப்பை அள்ளச் சொல்லி என்னை அனுப்பினார்கள். ஊரில் வங்கியில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருந்த ஆள் நான். போனேன்.

அங்கே குப்பைக்கும் சாதி உண்டு. சாப்பாட்டு மிச்சம் ஒரு பை, இரத்தம் பட்ட பஞ்சு இன்னொரு பை, ஊசிகளுக்கு மஞ்சள் வாளி. அந்த வாளியின் மூடியை ஒருமுறை அமத்தினால் பிறகு திறக்க வராது. அப்படியே பின்முற்றத்தில் குப்பை எரிக்கும் சூளைக்குப் போய்விடும். மூடிய வாளியில் கை வைத்தால் தொலைந்தாய் என்று என்னோடு வேலை செய்த துருக்கிக்காரர் முதல்நாளே வெருட்டி வைத்திருந்தார்.

ஒருநாள் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அக்கா அனுப்பிய பார்சலைத் தந்துவிட்டுப் போனார். யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூள்! அகதி விடுதியில் என் அறையில் நாங்கள் நாலு பேர், குளிர்காலம் முழுக்க உறைப்பில்லாமல் நாக்குச் செத்துப்போய்க் கிடந்தோம். சந்தோஷத்தில் பையைப் பிடித்த பிடியில், குப்பை அறைக்கு வந்ததும் அது கிழிந்துவிட்டது. அவசரத்துக்குப் புது மஞ்சள் வாளி ஒன்றை எடுத்து அதற்குள் கொட்டினேன். வாசம் வெளியே போகக்கூடாதே என்று மூடியையும் அமத்தினேன். டக்.

அதற்குப் பிறகுதான் மூளை வேலை செய்தது. சரி, பின்னேரம் விடுதிக்குக் கொண்டுபோய் மரமறுக்கும் வாளால் அறுப்போம் என்று மூலையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். திரும்பி வந்தால் வாளி இல்லை. துருக்கிக்காரர் கடமை தவறாத மனிதர். மற்ற வாளிகளோடு அதையும் சூளைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்.

ஓடினேன். ஒவ்வொன்றாகத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் ஊசி கிலுங்கவில்லை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, தலைமைத் தாதி வந்துவிட்டார். தெரிந்த ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னேன். கும்பிட்டும் பார்த்தேன்.

“உங்களை நம்புகிறேன். ஆனால் இன்றைக்கு நம்பித் திறந்தால், நாளைக்கு இன்னொருவரை நம்பித் திறப்போம். அதில் ஊசி இருக்கும்.”

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் நானே வாளியைச் சூளைக்காரரிடம் நீட்டினேன்.

அவர் கதவைச் சாத்துவதற்குள் வாளி உருகித் தூள் பற்றிக்கொண்டது. ஐயோ! சூளைக்காரர் இருமினார், துருக்கிக்காரர் தும்மினார், தலைமைத் தாதி கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். முற்றம் முழுக்க எங்கள் வீட்டுக் குசினி மணந்தது. நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அறைக்காரர் மூவரும் சில நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் அக்கா கொழும்புக்கு வந்திருந்தபோது தொலைபேசியில் பேசினோம்.

“தம்பி, தூள் கிடைச்சதோ? ஊரடங்கு எண்டு மில்லுக்குப் போக ஏலாமல் கையாலதான் இடிச்சனான். உறைப்புக் காணுமோ?”

“ஓம் அக்கா. இஞ்சை வெள்ளைக்காரருக்கே கண்ணீர் வந்திட்டுது.”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “உனக்கு?”

“எனக்கும்தான்,” என்றேன்.