விதை வறட்டி

நெய்வேலிக்கு வெளியே, சுரங்கத்துக்கு ஊரைக் கொடுத்தவர்கள் குடிசை போட்டிருந்த குடியிருப்பில், கொளஞ்சியப்பனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பெண்டாட்டியின் சிதையில் பாயப் போன மனுஷன் என்று. கேட்கிற பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி அவருக்கு மட்டும்தான் தெரியும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஊரைக் காலி செய்யச் சொன்னபோது நிலம் இருந்தவர்களுக்கு எழுதிக் கொடுக்கவும் ஏதோ இருந்தது, வாங்கிக்கொள்ளவும் ஏதோ இருந்தது. காலமெல்லாம் அடுத்தவன் கழனியில் குனிந்து நிமிர்ந்த கொளஞ்சியப்பனுக்கு இரண்டும் இல்லை. பிள்ளை குட்டியும் இல்லை. ஊரே நிலைக்கதவையும் உரலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்க, அவர் பெண்டாட்டி மாணிக்கம்மாள் ஒரு கூடையில் நாலைந்து வறட்டியை அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

"போற எடத்துல சாணிக்குக்கூட பஞ்சம்னு நெனச்சிகினா போலக்குது" என்று சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அது அடுப்பு வறட்டி இல்லை. ஈரச் சாணியில் பரங்கி விதைகளைப் பதித்துத் தட்டி, சுவரில் அப்பிக் காய வைத்தது. அப்படி வைத்தால் பூச்சி அண்டாது, எலி தொடாது. ஆடியில் உடைத்து எடுத்து ஊன்றலாம். அடுப்பு வறட்டியில் முழுக் கையும் பதிந்திருக்கும். விதை வறட்டியில் அவள் மூன்று விரலை மட்டும் அழுத்தி வைப்பாள். புருஷன் பெண்டாட்டி இருவருக்கு மட்டும் தெரிந்த அடையாளம் அது.

பரங்கிக்காய் என்றால் பண்ருட்டிச் சந்தையில் மஞ்சளும் வழவழப்புமாகக் குவிந்து கிடப்பதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது கருத்துப் போன பச்சை, தட்டையான உருவம், மேலெல்லாம் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருக்கும். தேரைப் பரங்கி என்று பேர். பார்க்கச் சகிக்காது. அரிந்தால் உள்ளே செங்கல் நிறத்தில் சதை, மாவாக வேகும், வெல்லம் போடாமலே இனிக்கும். உறியில் தொங்கவிட்டால் அடுத்த பருவம் வரை கெடாது. வேலை இல்லாத மாதங்களில் அந்த இரண்டு வயிறும் அதை நம்பித்தான் இருந்தன. மாணிக்கம்மாளுக்கு வயிறு திறக்காததற்கே அந்தக் காய்தான் காரணம், தேரையைத் தின்றால் பிள்ளை எப்படித் தங்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேசியவர்கள் வீட்டு உறியிலும் அவள் கொடுத்த காய் தொங்கியது என்பது வேறு விஷயம். ஊர் கலைந்தபோது மற்றவர்கள் அதைத் தின்று முடித்துவிட்டுப் போனார்கள். விதை எடுத்து வைத்தவள் இவள் ஒருத்திதான்.

கொளஞ்சியப்பன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்தார். மண் அள்ளும் வேலை, மூன்று ஷிப்டு. இன்றைக்கு பர்மனென்ட் ஆகும், நாளைக்கு ஆகும் என்று நாள் ஓடியது. மாணிக்கம்மாள் நகரியத்தில் ஒரு போர்மேன் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். போர்மேன் சம்சாரம் ஜானகியம்மாள் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், நல்ல மனசு. குவார்ட்டர்ஸ் பின்னால் சும்மா கிடந்த இடத்தைக் காட்டி, "என்ன வேணா போட்டுக்கோ, எனக்கும் ரெண்டு காய் குடு" என்றார். குளியலறைத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் குழி வெட்டி, எருப் போட்டு, தேரைப் பரங்கியை ஊன்றினார்கள்.

முதல் வருஷத்துக் காயின் விதையை ஊன்றின இரண்டாம் வருஷமே இடி விழுந்தது. ஒரு கொடியில் வந்த காய் பாதி கருப்பும் பாதி மஞ்சளுமாக, கொப்புளம் இல்லாமல் இருந்தது. பக்கத்து குவார்ட்டர்ஸில் முதல் வருஷத்திலிருந்தே சந்தைப் பரங்கி போட்டிருந்தார்கள். தேனீக்கு வேலி ஏது? மாணிக்கம்மாள் அந்தக் காயை மடியில் போட்டுக்கொண்டு, எழவு வீட்டில் அழுவதுபோல அழுதாள்.

மறு வருஷத்திலிருந்து பூவைக் கட்ட ஆரம்பித்தாள். நாளை விரியப்போகிற பெண் பூவைச் சாயங்காலமே பார்த்து, நுனியை வாழைநாரால் கட்டிவிடுவாள். ஆண் பூவையும் அப்படியே. விடிந்ததும் அவிழ்த்து, இதன் மகரந்தத்தை அதில் தடவி, மறுபடியும் கட்டுவாள். அந்தக் காய்க்கு மட்டும் சுண்ணாம்புப் பொட்டு. அதுதான் விதைக்காய்.

"பூவுக்குக் கல்யாணம் பண்ணி வெக்கிறியா?" என்று கேலி செய்வார் கொளஞ்சியப்பன்.

"நமக்குத்தான் பேர் சொல்ல ஒண்ணும் இல்ல. இதாவது கலக்காம இருக்கட்டும்யா."

பழைய விதையை அவள் நம்பமாட்டாள். ஆடியில் ஊன்றியது போக மிச்சத்தை வாணலியில் போட்டு வறுப்பாள். உறைக்குள் காற்று அடைத்துக்கொண்ட விதைகள் படக் படக்கென்று வெடிக்கும். வேலை விட்டு வருகிறவர் வாசலிலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, முகம்கூடக் கழுவாமல் அடுப்பருகில் உட்கார்ந்துவிடுவார். வருஷத்தில் ஒரு நாள் அது அவர்களுக்குப் பண்டிகை.

நாலாவது வருஷம் மாணிக்கம்மாளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. கடலூரில் பெரிய டாக்டரைப் பார்த்தார்கள். அவர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கொளஞ்சியப்பனிடம் மட்டும் பேசினார். பஸ்ஸில் திரும்பும்போது, "என்னா சொன்னாரு?" என்று அவள் கேட்கவே இல்லை. அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பருவத்தில் பூக் கட்டினது கொளஞ்சியப்பன்தான். ஷிப்டு முடிந்து கண் எரிய வந்து நிற்பார். அவள் குவார்ட்டர்ஸ் பின்கட்டுப் படியில் சாய்ந்துகொண்டு, "அது இல்லய்யா, அதுக்கு அடுத்த பூவு. நசுக்கிடாத" என்பாள். மண்வெட்டி பிடித்த விரலுக்கு நார் பிடிபடவில்லை. கட்டின பதினொரு பூவில் ஒன்றே ஒன்றுதான் காயானது. மாசியில் அதை அறுத்து, விதை எடுத்து, அவளே சாணி பிசைந்து ஆறு வறட்டி தட்டினாள். ஒவ்வொன்றிலும் மூன்று விரலை அழுத்தினாள். குடிசையின் பின்சுவரில் ஓலைச் சார்ப்புக்கு அடியில் அப்பி வைத்தார்கள். பக்கத்தில் அடுப்பு வறட்டிகள்.

"ஆடி பதினெட்டுக்கு முன்னாடி ஊனிடு. நான் இருக்கேனோ இல்லயோ, இத வுட்றாத. சொல்லு."

"வுடமாட்டேன் மாணிக்கம். போதுமா?"

"என் தலயத் தொட்டுச் சொல்லு."

தொட்டுச் சொன்னார்.

ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

ஊரில் என்றால் புதைப்பார்கள். அவர்கள் ஜனத்தில் யாரையும் எரித்ததில்லை. ஆனால் ஊர் இடுகாடு இருந்த இடம் இப்போது பாதாளமாகக் கிடந்தது. புதுக் குடியிருப்புக்கு ஒதுக்கின இடத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்று இன்னும் பேசி முடிக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு தரப்புக்குக் கைகலப்பு ஆகியிருந்தது. பக்கத்துக் குடிசை ராயப்பன்தான் எல்லாவற்றையும் முன்னால் நின்று பார்த்தவன். கொளஞ்சியப்பனோடு ஒரே கான்ட்ராக்டில் வேலை செய்கிறவன், மாமா என்று கூப்பிடுகிறவன். அவன் வந்து காதருகில் சொன்னான்.

"மாமா, குழி வெட்டப் போனா வம்பு வரும். எரிச்சிடலாம். அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

கொளஞ்சியப்பன் தலையாட்டினார். அன்றைக்கு எதைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பார்.

மத்தியானம் மறுபடியும் வந்தான். "வெறகு பத்தாது மாமா. வூட்டு வூட்டுக்கு வறட்டி கேட்டுகினு இருக்கோம். ஒங்க வூட்டுல இருக்குதா?"

"பின்னாடி செவுத்துல இருக்குது, எடுத்துக்க" என்றார்.

அவர் வாயாலேயேதான் சொன்னார். புதைக்கிற ஜனத்துக்கு வறட்டி என்றால் சோறு வேக வைப்பது. சாவுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று அந்தத் தலைக்குள் என்றைக்கும் ஏறியதில்லை. எரித்துப் பழகினவனாக இருந்தால் எதை எடுக்கிறார்கள் என்று எழுந்து போய்ப் பார்த்திருப்பான். அவர் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராயப்பன் சுவரைச் சுத்தமாகப் பெயர்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு போனான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கு ஐந்து விரலும் ஒன்று, மூன்று விரலும் ஒன்று.

வெயில் தாழ்ந்த நேரத்தில் சுடுகாட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. கொளஞ்சியப்பன் தோளில் குடத்தோடு மூன்று சுற்றுச் சுற்றினார். குடம் உடைந்தது. கொள்ளியைக் கையில் கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வைக்கச் சொன்னான் வெட்டியான்.

"வெச்சாச்சி இல்ல? திரும்பிப் பாக்காம போ. பாத்தா அவங்களால போவ முடியாது."

நடந்தார். இருபது முப்பது அடி போயிருப்பார். பின்னால் ஓலை சடசடவென்று பிடித்துக்கொள்கிற சத்தம். அதற்கப்புறம் இன்னொரு சத்தம்.

படக்.

நின்றார். மறுபடியும் படக், படக். பிறகு வாணலியில் போட்டதுபோல வரிசையாக.

ஒரு கணம், வேலை விட்டு வாசலுக்கு வந்துவிட்டதாகவே அவருக்கு இருந்தது. அடுத்த கணம் என்ன வெடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. திரும்பிவிட்டார். சிதையின் ஓரத்தில், கால்மாட்டில், வெளியே பார்த்தபடி ஒரு வறட்டி. மூன்று விரல். ஒரு பக்கம் மட்டும்தான் தணல் பிடித்திருந்தது. ஓடினார். "அய்யோ, அது... அது..." என்று கத்தினார். கையை நெருப்புக்குள் நீட்டிவிட்டார். ராயப்பனும் இன்னும் மூன்று பேருமாகச் சேர்ந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். வலது கை மணிக்கட்டு வரை வெந்துபோயிருந்தது. மண்ணில் கிடந்தபடி அந்த வறட்டி சிவந்து, பிளந்து, விழுவதைப் பார்த்தார்.

"இப்பிடி ஒரு ஆம்பளயப் பாத்ததே இல்லடா" என்று யாரோ அழுதார்கள்.

மறுநாள் பால் தெளிக்கப் போனபோது கட்டுப் போட்ட கையை ஒதுக்கிக்கொண்டு, இடக் கையால் சாம்பலைத் துழாவினார். எலும்பு பொறுக்க இவ்வளவு நேரமா என்று கூட வந்தவர்கள் தவித்தார்கள். அவர் எலும்பைத் தேடவில்லை. அந்த வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தேடினார். தொட்டால் பொடியாகிற கருப்பு உறைகள்தான் கிடைத்தன.

கதை அன்றைக்கே கிளம்பிவிட்டது. குடியிருப்பில் எந்த வீட்டில் சண்டை வந்தாலும் பெண்கள் அவரைத்தான் இழுப்பார்கள். "கொளஞ்சியப்பன் மாமா கால் தூசி பெறுவியா நீ? அவரு பொண்டாட்டி பின்னாடியே நெருப்புல பூந்தாரு" என்று ராயப்பன் பெண்டாட்டி வீராயி கத்துவது அவர் குடிசைக்குள் கேட்கும். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவளுக்காகத் திரும்பினோமா, விதைக்காகத் திரும்பினோமா? விதைக்காகத்தான். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதை யாரிடம் சொல்வது, சொன்னால் மூஞ்சியில் துப்பமாட்டார்களா?

ஆடி பிறந்தது. ஜானகியம்மாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"குழியெல்லாம் அப்படியே கிடக்கே, இந்த வருஷம் போடலையா? மாணிக்கம் வெதை வெச்சிருப்பாளே."

"அவளே எடுத்துகினு பூட்டாம்மா."

ஜானகியம்மாளுக்கு விளங்கவில்லை. துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்து, உள்ளே போய் ஒரு ஓவல்டின் டப்பாவைக் கொண்டுவந்தார். "போன தடவை அவ குடுத்த காய்லேர்ந்து நான் கொஞ்சம் எடுத்து வெச்சேன். இதைப் போடு. அவ ஞாபகமா இருக்கட்டும்."

அது பொட்டு வைத்த காயின் விதை இல்லை என்று அவருக்குத் தெரியும். ஜானகியம்மாள் வீட்டுக்குப் போனதெல்லாம் கட்டாத பூவில் வந்த காய். இருந்தாலும் தலையைத் தொட்டுச் செய்த சத்தியம் ஒன்று இருந்தது. வெந்து சுருங்கின கையால் டப்பாவில் இருந்த எட்டு விதைகளையும் ஊன்றினார். எட்டில் ஒன்றாவது தேரையாக வராதா என்று மார்கழி வரைக்கும் நம்பினார். ஷிப்டு முடிந்ததும் நேரே அங்கே வந்து, இலையை விலக்கி விலக்கிப் பிஞ்சுகளைத் தடவிப் பார்ப்பார்.

காய்கள் பெருத்தன. எல்லாம் மஞ்சள். எல்லாம் வழவழப்பு. கடைசிக் கொடியின் காய் மட்டும் கொஞ்சநாள் கரும்பச்சையாக இருந்து ஆசை காட்டியது. பிறகு அதுவும் வெளுத்தது.

தையில் அறுத்து, பெரியதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். ஜானகியம்மாள் இரண்டு கையாலும் அதைத் தடவிப் பார்த்தார். "எவ்வளவு லட்சணமா இருக்கு! அந்தக் கருப்புக் காய் மாதிரி சொறி பிடிச்சுப் போகாம. மாணிக்கம் இருந்து இதைப் பாத்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா, இல்லையா?"

கொளஞ்சியப்பன் அந்தக் காயைப் பார்த்தார்.

"ஆமாங்கம்மா" என்றார். சமையல் கட்டு மூலையில், ஜானகியம்மாள் காட்டின இடத்தில், மற்ற காய்களையும் கொண்டுவந்து அடுக்கி வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார்.