தோட்டாப் பெட்டிமேல் நாகம்மா

மார்ச் 11, புதன். ஐந்தரைக்கு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். நாளிதழை வழக்கம்போல் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். ஏழரைக்குத் தண்ணீர் கேன் போடும் தம்பி, கேனைத் தரையில் 'தொம்' என்று வைத்தான். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சம்மட்டி அடி அளவுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இப்படி ஒப்பிடும் புத்தி எனக்கு லைட்ஹவுஸ் குப்பத்தில் வந்தது.

நிலவியல் ஆய்வு வேலைக்குச் சேர்ந்த புதிது. டச்சுக்காரர்கள் ஒருகாலத்தில் வாணிபம் செய்த அந்தக் கடற்கரையில், மணலுக்குக் கீழே கெட்டித் தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தோம். தரையில் ஓர் அதிர்வைக் கொடுத்து, அது கீழே போய்த் திரும்புவதை வரிசையாகப் பதித்த கருவிகளில் வாங்க வேண்டும். அதிர்வை எதனால் கொடுப்பது என்பதுதான் கேள்வி. இரும்புத் தகட்டில் சம்மட்டியால் அடித்தால் பாதியை உலர்மணல் விழுங்கியது. மீதியை அலைச்சத்தம் மூடியது. உயரமான மூன்றுகால் சட்டத்திலிருந்து எடைக்கட்டையைப் போட்டால் தகடே மணலுக்குள் போய்விட்டது. நாங்கள் தோண்டி எடுப்பதை, வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

"இன்னா நைனா, டச்சுக்காரன் பொதைச்சது கெட்ச்சுதா?"

துப்பாக்கித் தோட்டாவைக் குழியில் இறக்கி வெடித்தால்தான் சுத்தமான பதிவு கிடைக்கும். ஆனால் குழி ஈரமணலைத் தொட வேண்டும். அந்த ஈரம்தான் ஊரின் குடிநீர். உப்புநீருக்கு மேலே மெல்லிசாக மிதக்கும் நல்ல தண்ணீர். ஊருக்கு ஒரே கிணறு.

முதல் தோட்டா வெடித்ததும், பக்கத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த நாகம்மா ஓடிப்போய் ஒரு வாளி இறைத்து வாய் கொப்பளித்தார்.

"கரிக்குதுடா!"

எங்கள் அதிகாரியும் குடித்துப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லியேம்மா. வேணும்னே சொல்றீங்க."

"நீ பொட்டியத் தூக்கினு பூடுவ. அப்பால எங்க கொயந்தைங்க இன்னாத்தக் குடிக்கும்?"

என்னையும் குடிக்கச் சொன்னார்கள். கரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. உதட்டில் கடற்காற்றின் உப்பு வேறு. நான் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவைக்க, இரண்டு தரப்பும் என்னை ஒரே மாதிரி முறைத்தது.

நாகம்மா நேராக வந்து தோட்டாப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "அட்ச்சுத்தான் பாக்கணும்னா சம்மட்டியில அடி. எங்க ஆளுங்களே அடிப்பானுங்க."

அடித்தார்கள். அலை தணிகிற நேரம் பார்த்து ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்து, பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினோம். தோட்டாவின் தெளிவு இல்லை, ஆனால் போதும். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் யாராவது வாளியோடு வந்து பெட்டிமேல் இருந்தவரிடம் நீட்டுவார்கள். அவர் கொப்பளித்துத் துப்பும்வரை அடுத்த அடி விழாது.

போன வருடம் போனபோது கிணற்றின்மேல் சிமெண்டுப் பலகை கிடந்தது. தண்ணீர் உப்பாகிவிட்டதாம். இறால் குட்டையாலா, கடல் ஏறியதாலா, எங்கள் ஒரு தோட்டாவாலா, ஆளுக்கொன்று சொன்னார்கள். நாகம்மா இல்லை. வாசலுக்கு வாசல் நீலக் கேன்கள் இருந்தன.

வியாழன் காலை, செடிகளிடம் போவதற்கு முன், கேனிலிருந்து ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்தேன். உப்பு இல்லை, இனிப்பும் இல்லை. எந்த ருசியுமே இல்லாத அதை நம்பி விழுங்குவதா என்று தெரியாமல், வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.