ஐந்து கட்டையில் முனகும் டியூப்லைட்

பூனாவை அடுத்த கசார்வாடி ஸ்டேஷனில் லோக்கல் ரயில் பிரேக் பிடிக்கும்போது வேதநாயகி தலையைச் சற்றுச் சாய்த்துக்கொள்கிறார். கிறீச்சென்ற அந்தச் சத்தத்துக்கு மற்றவர்கள் காதைப் பொத்துவார்கள். இவர் வண்டி நிற்கும்வரை கேட்டுவிட்டு, "இன்னிக்கி ரெண்டரைக் கட்டை சார். நேத்து மூணு இருந்திச்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பெண்கள் பெட்டியை நோக்கி நடக்கிறார். ஓர் ஓசையின் சுருதி எத்தனை கட்டை என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் அதைத் தாண்டிப் போக முடியாது. மிக்ஸி, குக்கர், ஆட்டோ ஹாரன், எதிர்வீட்டுக்காரரின் குறட்டை எதுவும் தப்பாது.

வயது நாற்பத்தேழு. பேரிங் வளையங்கள் கடையும் ஒரு சிறிய பட்டறையில் இன்ஸ்பெக்டர். வளையத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, சரியாக இருந்தால் வலப்பக்கத் தட்டில் போட வேண்டும், தவறியதை இடப்பக்கம். "எண்ணூறு பீஸ்ல ஒண்ணு தப்பா இருந்தாலும் கை நின்னுடும் சார். நான் நிறுத்தல, அதுவா நிக்கும்" என்பார். ஆரணியிலிருந்து வந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்த தொழிலாளியின் மகள். பாட்டு யாரிடமும் கற்றதில்லை, அப்பாவின் ரேடியோ மட்டும்தான். ராகத்தின் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். சுருதியைக் கேட்டால் யோசிக்க மாட்டார். தளேகாவில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் கணவருக்குச் சங்கீதம் என்றால் தூக்கம். அது பற்றி இவருக்குக் குறை ஒன்றும் இல்லை. "நல்லாத் தூங்குறாருன்னா அது நல்ல பாட்டுதான்."

நான் அவரை முதலில் பார்த்தது ராஸ்தா பேட்டில் ஜம்புநாதன் வீட்டில். ஹிஞ்சேவாடி மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, கோயம்புத்தூரிலிருந்து பூனாவுக்கு நான் வந்த 1999ஆம் வருடம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை நாலு மணிக்கு அங்கே எட்டுப் பத்துப் பேர் கூடுவார்கள். ஒரே ராகத்தை இரண்டு பேர் பாடிய ஒலிப்பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டு, எது உசத்தி என்று சண்டை போடுவார்கள். ஜம்புநாதன் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துக்காரர், தீர்ப்பு எப்போதும் அவருடையதுதான். வேதநாயகி கதவோரம் உட்கார்ந்து ஒரு சின்ன நோட்டில் பாடகரின் பெயருக்கு எதிரே கட்டையை மட்டும் எழுதிக்கொள்வார். "விமரிசனமெல்லாம் நம்ம வேதநாயகிக்கு ஒரே ஒரு நம்பர்தான்" என்று ஜம்புநாதன் சிரிப்பார். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தக் கூட்டத்தின் பெருமையெல்லாம் ஒரு கேசட்டில் இருந்தது. அதன் சொந்தக்காரர் ஜெகதீசன். வேதநாயகியின் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் லேத்தில் நின்றவர், அதனால் வேதநாயகிக்கு மாமா. 1969இல் கட்கி கோயில் உற்சவத்தில் பத்து நாள் கச்சேரி நடந்ததாம். அவருடைய அண்ணன் பேட்டரியில் ஓடும் ரீல் ரெக்கார்டரோடு போய்ப் பதிவு செய்து, பின்னால் கேசட்டில் ஏற்றினாராம். அதில் வடுவூர் நாகசுந்தரம் பாடிய கரஹரப்ரியா ஆலாபனை நாற்பத்திரண்டு நிமிஷம். வேறு எங்கும் இல்லாத பதிவு. ஜெகதீசன் அதை வருடத்துக்கு ஒரு தரம் எடுத்து வருவார், யாருக்கும் நகல் தரமாட்டார். அன்று அவருக்கு ஜம்புநாதனின் பக்கத்து நாற்காலி. மற்ற மாதங்களில் மராட்டியும் இந்தியும் கலந்த அவருடைய தமிழுக்கு லேசாகச் சிரிப்பவர்கள், அன்று அவர் காப்பியை முடிக்கும்வரை காத்திருப்பார்கள். அந்த ஆலாபனையின் மேல் ஸ்தாயியில் ஓர் இடம் வரும். ஜம்புநாதன் அங்கே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். "இப்படி ஒரு பிடி இவர் ஒருத்தருக்குத்தான் சாத்தியம்!"

2002ஆம் வருடக் கூட்டத்தில் அந்தக் கேசட் ஓடிக்கொண்டிருந்தபோது வேதநாயகி மேலே பார்க்க ஆரம்பித்தார். டியூப்லைட்டின் சோக் கெட்டுப்போய் உம்மென்று முனகிக்கொண்டிருந்தது. டேப்பிலும் பாட்டுக்கு அடியில், பழைய மைக்செட்டின் அதே மாதிரி முனகல். நோட்டில் ஏதோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கூட்டம் கலைந்ததும் ஜெகதீசனிடம் போய்க் கேசட்டைக் கேட்டார். யாருக்கும் தராதவர், பழைய ஸ்நேகிதனின் மகள் என்பதால் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். "சார், என்கூட தாபோடிக்கு வர்றீங்களா? மாமாகிட்ட ஒண்ணு சொல்லணும். தனியாப் போக தைரியம் இல்ல."

பகல் பதினொரு மணிக்கு ஜெகதீசன் வீட்டில் வேதநாயகி டியூப்லைட்டைப் போடச் சொன்னார். பெரியவர் வியப்போடு போட்டார்.

"மாமா, கோவிச்சுக்கக் கூடாது."

"இன்னாம்மா, டேப்பு அறுந்துச்சா?"

"டேப்பு பக்கா கீது. ஸ்பீடுதான் தப்பு." வேதநாயகி மேலே கை காட்டினார். "இந்த முனகல் இருக்குதே, நம்ம நாட்டுக் கரண்டு எங்க போனாலும் இந்தச் சுருதிதான். அஞ்சு கட்டைக்குத் தோடா, ஒரு துளி மேல. உங்க டேப்புல மைக்செட் முனகுறது ஆறு கட்டை. பேட்டரி இறங்கிப் போய் ரெக்கார்டர் மெதுவா ஓடியிருக்குது. அதை இப்ப சரியான ஸ்பீடுல போட்டா, பாட்டு வேகமா வருது, குரலும் மேல போயிடுது."

கேசட்டைப் பெரியவரின் டேப் டெக்கில் ஓடவிட்டு, டெக்கைத் திருப்பி, பின்பக்கம் மோட்டாரில் இருக்கும் சின்னத் துளையில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டார். ஒரு மயிரிழை திருகுவார், மேலே பார்ப்பார், மறுபடி திருகுவார். டேப்பின் முனகலும் விளக்கின் முனகலும் முதலில் ஒன்றோடொன்று மோதி அலை அலையாக வந்தன. பிறகு அலை நின்று இரண்டும் ஒன்றாயின.

பாடுகிறவர் மாறிவிட்டார். குரல் கனமாக, நிதானமாக, வாக்கியம் முடியும் இடங்களில் மூச்சு தெரியும்படி இருந்தது. சுருதி இப்போது நாலு கட்டைக்கும் கீழே. அதற்குக் கீழே பாடவே மாட்டார் என்று பெயர் வாங்கிய நாகசுந்தரம் இல்லை. வேறு யாரோ.

ஜெகதீசன் டெக்கை நிறுத்தினார். "அப்ப எங்கண்ணன் பொய் சொன்னான்றியா?"

"இல்ல மாமா. பத்து நாள் கச்சேரி எடுத்தாரு. ரீலு மாறியிருக்கும். குரல் மேல இருந்ததால யாருக்கும் சந்தேகம் வரல."

"யாரு இவன்?"

"தெரியல மாமா."

"தெரியலன்னா எதுக்கு வந்த? உனக்கு எதுவுமே சரியா இருக்கக் கூடாது. அப்படித்தானே?" அவர் எழுந்துவிட்டார். "திருகினதைப் பழைய மாதிரி வெச்சிட்டுப் போ."

வேதநாயகி ஸ்க்ரூடிரைவரை மறுபடி எடுத்தார். தவறு என்று தெரிந்த இடத்தில் திருகாணியைக் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் அவர் கை இரண்டு தடவை தானாக நின்றது.

அடுத்த மாதம் ஜெகதீசன் கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. ஜம்புநாதன் போனில் கேட்டதற்கு உடம்பு சரியில்லை என்றாராம். "கேசட்டை வாங்கிண்டு போனாளே, என்ன பண்ணினாளோ! அதான் மனுஷன் முகத்தைக் காட்ட மாட்டேங்கறார்" என்று வேதநாயகி இருக்கும்போதே சொன்னார். எல்லாரும் கதவோரம் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாய் திறந்தேன். வேதநாயகி வேண்டாம் என்று தலையசைத்தார். வெளியே வந்ததும், "அது மாமா சொல்ல வேண்டிய விஷயம் சார். நாம சொன்னா அவருகிட்டயிருந்து திருடின மாதிரி ஆயிடும்" என்றார். அன்று நோட்டை எடுக்கவே இல்லை. ஸ்டேஷன்வரை நடந்தோம். எந்தச் சத்தத்துக்கும் கட்டை சொல்லவில்லை.

மூன்றாவது மாதம் நாங்கள் உட்கார்ந்த பிறகு ஜெகதீசன் வந்தார். கையில் துண்டு சுற்றிய மூட்டை. பிரித்தால் அவருடைய டேப் டெக். ஜம்புநாதன் பக்கத்து நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை.

"இத்தனை வருஷமா நான் உங்களுக்குப் போட்டுக் காட்டினது நாகசுந்தரம் இல்ல" என்றார். பேட்டரி, வேகம், மாறிப்போன ரீல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். "வேதா அன்னிக்கே சொல்லிச்சி. நான்தான் திட்டி அனுப்பினேன். அப்புறம் நானே திருகித் திருகிப் பாத்தேன். முப்பத்தாறு வருஷம் லேத்துல நின்ன கை, இதுகூடத் தெரியாதா? அது சொன்ன இடம்தான் கரெக்டு." கதவோரம் திரும்பி, "செக் பண்ணிக்கம்மா" என்றார்.

வேதநாயகி கொஞ்ச நேரம் டேப்பையும் விளக்கையும் கேட்டுவிட்டு, "ஓக்கே மாமா" என்றார். வலப்பக்கத் தட்டில் இதுவரை எந்த வளையத்தையும் அவர் அவ்வளவு மெதுவாகப் போட்டிருக்க மாட்டார்.

ஆலாபனை ஓடியது. பத்து நிமிஷத்தில் ஜம்புநாதன் செருமினார். "இப்போ கேட்டாத் தெரியறது. மேல போறச்சே ஒரு கொச்சை இருக்கு, கவனிச்சேளா? பெரிய பாடாந்தரம் இல்லை."

ஜெகதீசன் கோபமில்லாமல்தான் சொன்னார். "இதே எடத்துலதான் சார் போன தடவை கண்ணத் தொடச்சீங்க."

ஜம்புநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயர் தெரியாத மனிதர் அவசரப்படாமல் பாடிக்கொண்டு போனார். முன்பு நாற்பத்திரண்டு நிமிஷத்தில் முடிந்தது, இப்போது இன்னும் நாலு நிமிஷம் கூடுதலாக நீண்டது. மேல் ஸ்தாயியில் அந்த இடம் மறுபடி வந்தபோது ஜெகதீசன் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

பாட்டு முடிந்தது. டேப்பில் முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய கட்கிக் கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. கேசட்டுக்கு யார் கைதட்டுவார்கள்? ஜம்புநாதன் பட்டனை அமுக்கக் கையை நீட்டினார். அதற்குள் வேதநாயகி நோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டினார்.