சீராகப் போன ஸ்பீக்கர் பெட்டி

அறுபதுகளின் தொடக்கத்தில் விராலிமலை மெயின் ரோட்டில் எனக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. நான் யாரிடமும் போய்த் தொழில் படித்தவன் இல்லை. செத்துப்போன ரேடியோக்களை வாங்கிப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டதுதான். கடைக்குப் பின்னால் ஒரு தட்டித் தடுப்பு. சமையலும் படுக்கையும் அதற்குள். பகலெல்லாம் கடையில் பேச்சுச் சத்தம் ஓயாது. ரோட்டில் போகிறவர்கள் இவன் வீட்டில் எத்தனை பேரோ என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் நானும் நாலு ரேடியோவும் இருப்போம்.

அந்தக் கடைக்குத்தான் ஒருநாள் திருச்சி பஸ்ஸின் கூரையிலிருந்து ஒரு பெட்டி இறங்கியது. கறுப்புத் துணி ஒட்டிய மரப்பெட்டி. மேல்பாதியில் வால்வு ஆம்ப்ளிஃபையர், கீழ்ப்பாதியில் பெரிய ஸ்பீக்கர், இரண்டும் ஒன்றாகவே. கொண்டுவந்தவர் பினாங்கில் ஹோட்டல் ஹோட்டலாக கிட்டார் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவர். திருச்சியில் ஒரு ரூம் எடுத்துத் தனியாக இருந்தார். பெட்டியைத் தடவிக்கொண்டே, "இதை ரெண்டாப் பிரிச்சுத் தரணும். ஆம்ப்ளிஃபையர் எங்கிட்ட இருக்கணும், ஸ்பீக்கர் தள்ளிப் போகணும்" என்றார்.

எவ்வளவு தள்ளி என்று கேட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

எதிர்ப்பக்கம் இருந்தது அவருடைய தங்கை வீடு. ஆவூர்ப் பக்கத்து கத்தோலிக்கக் குடும்பம், விராலிமலையில் வந்து தானியக் கடை வைத்திருந்தார்கள். தங்கை மகளுக்குக் கல்யாணம். இவர் தாய்மாமன், ஆனால் இவருக்கு அழைப்பு இல்லை. இவருடைய அப்பா செத்த செய்தி பினாங்குக்குத் தந்தியாகப் போயும் இவர் வரவில்லை. குழிக்கு முதல் பிடி மண்ணைப் போட்டது தங்கையின் கணவர். மகன் இருக்க மருமகன் போட்டான் என்று ஊர் பேசியதை அந்த மனிதர் மறக்கவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கல்யாணப் பெண் மட்டும் மாமா வாசிக்க வேண்டும் என்று அழுது அடம்பிடித்திருக்கிறது. கடைசியில் அப்பாக்காரர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாராம்: "பெட்டி வரட்டும். ஆளு வர வேணாம்."

அவர் அதை என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வேலை பெரிய வேலை இல்லை, ஆனால் அவசரப்பட முடியாத வேலை. ஆம்ப்ளிஃபையரின் தகரச் சட்டத்தை அப்படியே கழற்றி, அதற்குச் சிறிதாக ஒரு பெட்டி; வால்வு சூடாகும் என்பதால் முதுகுப் பக்கம் திறப்பு. ஸ்பீக்கரோடு ஒட்டியிருந்த டிரான்ஸ்பார்மரை ஆம்ப்ளிஃபையர் பக்கம் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டுக்கு மேலே ஆளைக் கொல்லும் கரண்டு போகும். பெட்டியை அறுக்க அடுத்த கடை ஆசாரியைக் கூப்பிட்டேன். வாயாடி மனிதர். ரம்பத்தை வைக்கும் முன்னால், "தனிக்குடித்தனமா? சண்டை யாருக்கும் யாருக்கும்?" என்று கேட்டார். கிட்டார்க்காரர் பெட்டியைத் தடவிக்கொண்டே இருந்ததால் ஆசாரி என்னைப் பார்த்தார். நான் பார்வையாலேயே வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு ரம்பம் மட்டும்தான் பேசியது.

முடிந்ததும் அவரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். ஸ்பீக்கரைச் சேர்க்காமல் ஆம்ப்ளிஃபையரை ஓட்டவே கூடாது. உள்ளே பிறக்கிற சத்தத்துக்குப் போக இடமில்லாவிட்டால் டிரான்ஸ்பார்மர் வெந்துவிடும்.

கல்யாணத்தன்று எல்லாரும் ஆவூர்க் கோயிலில் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் ஒயரை இழுத்தேன். வைக்கோல் வண்டி போனால் தட்டாத உயரத்துக்கு மூங்கில் நட்டு, கடைக் கூரையிலிருந்து பந்தல் கால் வரைக்கும். அவர்கள் திரும்பி வந்ததும் ஸ்பீக்கர் பெட்டியை நானும் ஆசாரியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். அப்போது கிட்டார்க்காரர் ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுவந்தார். பட்டுச்சேலை, தேங்காய், கற்கண்டு, ஒரு மாலை. "இதையும் அப்படியே கொடுத்துடுங்க" என்றார். எங்கள் நாலு கையும் பெட்டியில் இருந்தன. பெட்டி மேலேயே வையுங்கள் என்றேன்.

கை போதாமல் சொன்னதுதான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பந்தல் வாசலில் தாம்பாளத்தைப் பார்த்ததும் ஒரு அம்மாள், "மாமன் சீர் வந்துருச்சு" என்று குரல் கொடுத்தார். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆரத்தி சுற்றாமல் உள்ளே விடவில்லை. ஆசாரிக்குச் சந்தனம், எனக்குச் சந்தனம், பெட்டியின் நெற்றியில் ஒரு சந்தனம். ஒரு பெண் பன்னீர்ச் செம்பை ஓங்க, ஸ்பீக்கரில் தண்ணீர் படக்கூடாது என்று நான் கெஞ்சினேன். "சீரு கொண்டாந்த ஆளுக்குக் கூச்சத்தப் பாரு" என்று அதை என் தலையில் தெளித்தார்கள். பெட்டியைப் பெண்ணுக்குப் பக்கத்தில், மாமன் உட்கார வேண்டிய இடத்தில் வைத்தார்கள்.

கடைக்கு ஓடிவந்து கை காட்டினேன். அவர் வாசித்தார். சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் ஈஸ்டருக்கு ஆவூரில் இழுக்கும் பாஸ்கா தேர் பின்னால் பாடிக்கொண்டு போன மெட்டாம். கடைக்குள் கம்பியின் மெல்லிய சிணுங்கல் மட்டும் கேட்டது. பாட்டு ரோட்டைத் தாண்டி அங்கே கேட்டது. தன் கையால் வாசிப்பதைத் தான் தூரத்திலிருந்து கேட்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

முடித்துவிட்டு கிட்டாரை மடியிலேயே வைத்துக்கொண்டார். "யாராச்சும் ஏதாச்சும் சொல்றாங்களா?" என்றார்.

ஸ்பீக்கர் ஒயரைத் திருப்பிப் போட்டால் அதுவே மைக் மாதிரி கேட்கும். எனக்குத் தெரிந்த வித்தை அது. கடையிலிருந்த டெஸ்ட் ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்து, பந்தலிலிருந்து வரும் ஒயரை கிட்டார் ஒயர் போகிற துளையில் சொருகினேன். இரைச்சலுக்கு நடுவே பந்தி நடக்கும் சத்தம் வந்தது. பாத்திரம், குழந்தை அழுகை, யாரோ ரசம் கேட்பது. பிறகு பெட்டிக்கு மிக நெருக்கத்தில் ஒரு பெண்குரல், கிசுகிசுப்பாக.

"அண்ணே, சாப்புட்டியா?"

அவர் டெஸ்ட் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, "இன்னும் இல்லம்மா" என்றார்.

அந்தப் பக்கம் அது போகாது. அவருக்கும் தெரியும். ஒயரை மாற்றிவிட நான் கையை நீட்டினேன், அவர் பிடித்துக்கொண்டார். அதற்குள் தங்கை கணவரின் குரல் வந்தது.

"பாட்டுத்தான் முடிஞ்சுருச்சுல்ல. பெட்டியத் தூக்கிட்டுப் போகச் சொல்லு."

"சீருன்னு வாங்கி வச்சாச்சுங்க. வந்த சீரைத் திருப்பி அனுப்புற வழக்கம் உங்க வீட்டுல இருக்கலாம், எங்க வீட்டுல இல்ல" என்றது தங்கையின் குரல்.

பெண்கள் சிரித்தார்கள். "எடுத்துடுங்க, நம்மளுக்குன்னு பேசுனது இல்ல அது" என்றார் கிட்டார்க்காரர். ஒயரை எடுத்துவிட்டேன்.

பெட்டியைத் திருப்பித் தருவார்களா என்று எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று பந்தலுக்குப் போனேன். வாசலில் தங்கை கணவர் நின்றிருந்தார். சாப்பிட்டுப் போங்க என்று என்னை மரியாதையாகக் கூப்பிட்டார். பெட்டியைப் பற்றி வாயெடுத்தேன். "அது கெடக்கட்டும்" என்றார். முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பாமல்தான் சொன்னார். பந்தியில் உட்கார எனக்கு மனசு வரவில்லை.

திரும்பி வந்தால் கடையில் ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். ஆம்ப்ளிஃபையரைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தார்.

"பெட்டி?"

"சீர்ல சேர்ந்துருச்சுங்க."

கொஞ்ச நேரம் சிரித்தார். பஸ் வந்து நின்றதும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "வேற ஸ்பீக்கர் மாட்டிக்கலாம்ல?" என்றார். தாராளமாக மாட்டலாம், பொருத்தமானது பார்த்து வாங்கி வைக்கிறேன், எப்போது வருவீர்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். வரவே இல்லை. எனக்கும் அவர் ரூம் விலாசம் தெரியாது.

பிறகு எதிர்வீட்டு ரேடியோவைப் பார்க்க அவ்வப்போது போவேன். அந்தப் பெட்டியின் மேல் பூவேலை செய்த துணி விரித்து மாதா சுரூபம் வைத்திருந்தார்கள். ஒருமுறை கிட்டார்க்காரரின் தங்கை, "இது இனிமே பாடுமாங்க?" என்று கேட்டார். தனியாகப் பாடாது, அந்தப் பாதியும் வர வேண்டும் என்றேன். அவர் பெட்டியைச் சுவரிலிருந்து சற்று நகர்த்திக் காட்டினார். நான் விட்டுவந்த ஒயர் வாலைச் சுருட்டி, சிவப்பு ரிப்பனால் கட்டி வைத்திருந்தார்.

"தடுக்குதுன்னு இவுங்க வெட்டச் சொன்னாங்க. நாந்தான் வேணாமுன்னுட்டேன்."

ரேடியோவைச் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். நாலு ரேடியோவும் பேசிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.