பதினோராவது கேள்வி

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்டவள் நான்தான். என்னை ஒருவரும் ஜேர்மனிக்குப் போகச் சொல்லவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் வணிகப் பொருளியல் என்று போட்டு, கீழே இரண்டு வகை கொடுத்திருந்தார்கள். மூன்று வருடமும் லண்டனிலேயே படிப்பது ஒன்று. நான்கு வருடம் படித்து, அதில் மூன்றாவது வருடத்தை வெளிநாட்டில் கழிப்பது மற்றது. நான் இரண்டாவதற்கு நேரே சரி கீறிவிட்டு, நாடு என்ற இடத்தில் ஜேர்மனி என்று எழுதினேன்.

ஏன் என்று கேட்டால், முத்திரைகள். யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒன்பது பத்து வயதாக இருந்தபோது அப்பா அங்கிருந்துதான் கடிதம் போட்டார். கடிதத்தை அம்மா வாசித்து அழுவார், நான் முத்திரையைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துக் கொப்பியில் ஒட்டுவேன். லண்டனுக்கு வந்த பிறகு பள்ளிக்கூடத்திலும் ஜேர்மன் படித்தேன். அந்த நாடு எனக்குத் தெரிந்த நாடு என்று ஒரு நினைப்பு.

லண்டனில் நாங்கள் இருந்த டூட்டிங்கில் அந்த நாளில் தமிழ்ப் பிள்ளைகள் மூன்று வகை: டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன். மிச்சமெல்லாம் ‘வேற என்னவோ’. பலசரக்குக் கடையில் யாராவது பிள்ளை என்ன படிக்குது என்று கேட்டால் அம்மா, “எக்கவுண்டன்சி மாதிரி ஒண்டு” என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயை முறித்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார். வெளிநாட்டில் ஒரு வருடம் என்ற பேச்சையே எடுக்கமாட்டார். அப்பா மட்டும், “அதுக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு” என்றார். அந்த நாள் வராமலே போய்விடும் என்று நினைத்திருக்கிறார் போல.

அப்பா கிழக்கு பெர்லின் வழியாக மேற்கே போனவர்களில் ஒருவர். மேற்கு ஜேர்மனியில் ஒரு சின்னப் பட்டினத்து அகதி விடுதியில் பதினாலு மாதம் இருந்தார். அங்கே விண்ணப்பம் இழுபட்டுக்கொண்டே போனதால் கப்பலேறி லண்டனுக்கு வந்து, இங்கே புதிதாக அகதி விண்ணப்பம் கொடுத்தார். நேரே இலங்கையிலிருந்து வருகிறேன் என்று சொன்னார். அப்படித்தான் சொல்லவேண்டும் என்று எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த காலம் அது. ஜேர்மனி என்று வாய் திறந்தால் திரும்ப அங்கே ஏற்றுவார்கள், அங்கிருந்து ஊருக்கு ஏற்றுவார்கள் என்று கதை. மூன்று வருடம் கழித்து அம்மாவும் நானும் வந்து இறங்கினோம். நான் சப்பாத்தைக் கழற்ற முன்னமே அப்பா சொன்னார்: “பிள்ளை, ஆர் கேட்டாலும் அப்பா நேர லண்டனுக்குத்தான் வந்தவர். விளங்குதோ?” விளங்கியது. அடுத்த நாள் அம்மா என் முத்திரைக் கொப்பியைக் குப்பையில் போட்டார். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இரண்டாம் வருடத்து வசந்தத்தில் விசா விண்ணப்பம் வந்தது. எங்களிடம் பிரிட்டிஷ் பாஸ்போட் இல்லை. அகதிகளுக்குத் தரும் பயணப் புத்தகம்தான் இருந்தது. நிரந்தரமாக இருக்கும் அனுமதிக்கு விண்ணப்பித்து இரண்டு வருடமாகப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசினி மேசையின் ஒரு பக்கத்தில் அப்பா நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் நான் பேனையோடு. பதினோராவது கேள்வியில் நின்றுவிட்டேன். நீங்களோ உங்கள் குடும்பத்தவர் எவரேனுமோ இதற்கு முன் ஜேர்மனியில் தங்கியதுண்டா? ஆம் எனில், எங்கே, எவ்வளவு காலம்?

வாசித்துக் காட்டினேன். அப்பா தலையை நிமிர்த்தாமலே, “இல்லை எண்டு போடு” என்றார்.

“பொய் எழுதிப் பிடிபட்டா பிறகு ஒரு நாளும் விசா தரமாட்டினம் அப்பா.”

“அப்ப போகாதை. பிரான்சுக்குப் போ.”

“எனக்குப் பிரெஞ்சில ஒரு சொல்லும் தெரியாது! என்ன விசர்க் கதை கதைக்கிறியள்?”

“பிள்ளை, ஓம் எண்டு போட்டா அவங்கள் பழைய ஃபைலை எடுப்பாங்கள். இஞ்ச எழுதிக் கேப்பாங்கள். பிறகு மூண்டு பேரும் பெட்டி கட்டவேண்டியதுதான்.”

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். ஒன்பது வருடமாக அந்தக் கனத்தோடுதான் அவர் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் லோண்டரிக்கு வேலைக்குப் போய் வந்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வேறொன்று உறைத்தது.

“அப்ப ஜேர்மனியில மாமியின்ர கலியாணத்துக்குப் போறதுக்கும் உதே ஃபோமைத்தானே தந்திருப்பினம்? அதுக்கு நீங்கள் என்ன போட்டனீங்கள்?”

நண்டுக் காலோடு அவருடைய கை நின்றது. அடுப்படியில் நின்ற அம்மா அகப்பையோடு திரும்பினார். “விசா தரேல்லை எண்டுதானே சொன்னனீங்கள்?”

“கேட்டாத்தானே தருவினம்” என்றார் அப்பா.

மாமி அப்பாவின் ஒரே தங்கச்சி. நாங்கள் லண்டன் வந்து அடுத்த வருடம் ஜேர்மனியில் அவருக்குக் கலியாணம். எங்கள் கலியாணங்களில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். அவன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போகவேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடவேண்டும். அம்மாவுக்குச் சேலை வாங்கியாயிற்று, எனக்குப் பாவாடை தைத்தாயிற்று. கடைசியில் விசா கிடைக்கவில்லை என்று அப்பா கையை விரித்தார். பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன் தோழனாக நின்றானாம். அப்பா விண்ணப்பமே போடவில்லை என்று பிறகு யாரோ மாமியின் காதில் போட்டுவிட்டார்கள். அந்த மாப்பிள்ளை விஷயத்தில் அப்பா முதலில், “அவசரப்படாதை” என்று எழுதியிருந்தார். மாமி இரண்டையும் கூட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை பிடிக்காமல்தான் அண்ணை வரவில்லை என்று முடிவெடுத்து, அன்றிலிருந்து ஐந்து வருடம் பேச்சு இல்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். “ஒரு கேள்விக்குப் பயந்து சொந்தத் தங்கச்சியை விட்டனீங்கள். பயந்தாங்கொள்ளி” என்றேன். அப்பாவைப் பார்த்து அப்படிச் சொன்னேன். அம்மா அகப்பையை ஓங்கினார். அப்பா எழுந்து கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். அந்த நண்டுக் கறியை அன்றைக்கு ஒருவரும் தொடவில்லை. இன்று நினைத்தாலும் என் நாக்கைப் பிடுங்கலாம் போல இருக்கிறது.

அந்தக் கிழமை விரிவுரையில் பழைய பாடம் ஒன்றைத் திரும்பப் படித்தோம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கைவிடுகிறாயோ அதுதான் அதன் உண்மையான விலை. தமிழில் அதற்கு அமையச் செலவு என்று பெயர் இருப்பதைப் பிறகுதான் அறிந்தேன். விரிவுரையாளர் வழக்கம்போல வெண்ணெயையும் துப்பாக்கியையும் வைத்து விளங்கப்படுத்தினார். முதலாம் வருடத்தில் அதற்கு எனக்கு நல்ல புள்ளி. இப்போது கொப்பியில் ஒரு சொல்லும் எழுதாமல், அப்பாவுக்கு லண்டன் எந்த விலைக்குக் கிடைத்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிரான்சுக்கு மாறிவிடுவோமா, ஒரு வருடத்தையே விட்டுவிடுவோமா என்றும் யோசித்தேன்.

வியாழக்கிழமை காலை அப்பா இஸ்திரி போட்டு மினுக்கின சேட்டோடு வந்து நின்றார். “இண்டைக்கு லெக்சர் இருக்கோ? இல்லாட்டி என்னோட ஒருக்கா வா.”

பக்கத்து ஊரான சட்டனில், குடிவரவு வழக்குப் பார்க்கும் ஒரு சொலிசிட்டரிடம் நேரம் எடுத்திருந்தார். பஸ் தரிப்பில் நிற்கும்போதுதான் அதைச் சொன்னார். “அப்பா, வேண்டாம். நான் பிரான்சுக்கே போறன்” என்றேன்.

“நீ இல்லை எண்டு எழுதினா என்னை மாதிரித்தான் திரிவாய். எழுதாமல் விட்டாலும் என்னை மாதிரித்தான்” என்றார். “வா, பஸ் வருது.”

சொலிசிட்டர் ஒரு வெள்ளைக்கார அம்மா. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கொழுவியிருந்தார். நான்தான் மொழிபெயர்ப்பு. “நான் சொல்லுறதை அப்படியே சொல்லு. கூட்டாதை, குறைக்காதை” என்று அப்பா முதலே சொல்லிவிட்டார். பெர்லின், விடுதி, பதினாலு மாதம், கப்பல் எல்லாம் சொன்னார். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அந்த அம்மா கேட்டார். “எல்லாரும் சொல்லவேண்டாம் எண்டவை” என்றார் அப்பா. ஆங்கிலத்தில் சொன்னபோது அது ஒரு சின்னப்பிள்ளையின் பதில் போல இருந்தது. எனக்கு வெட்கமாக இல்லை, அழுகைதான் வந்தது. அந்த அம்மா, முதலில் குடிவரவு அலுவலகத்திலிருந்து ஃபைலின் பிரதியை எடுப்போம், அதுவரை இதைப் பற்றி ஒருவரோடும் பேசவேண்டாம் என்றார்.

பிரதி வர ஆறு கிழமை எடுத்தது. பல்கலைக்கழகத்தில் கெஞ்சி விசாவுக்குத் தவணை வாங்கினேன். அந்த ஆறு கிழமையும் வாசலில் தபால் விழும் சத்தம் கேட்டால் மூன்று பேரும் எழும்பிவிடுவோம். பழுப்பு உறை என்றால் அம்மா முதலில் சாமிப் படத்தடியில் வைத்துவிட்டுத்தான் பிரிப்பார். பெரும்பாலும் தண்ணீர்க் கட்டணம்.

திரும்பச் சட்டனுக்குப் போனோம். அந்த அம்மா ஃபைலைத் திறந்து நாலாவது பக்கத்தை எங்கள் பக்கம் திருப்பினார். ஒரு பஸ் பாஸின் போட்டோ பிரதி. ஜேர்மன் பஸ் பாஸ். அதில் அப்பாவின் படம், இருபத்தொன்பது முப்பது வயது, தடித்த மீசை.

கப்பலிலேயே எல்லாக் கடதாசிகளையும் கிழித்துக் கழிப்பறையில் போட்டவர் அவர். ஆனால் விடுதியில் கொடுத்த பழைய கோட்டின் பொக்கற்றில் ஒரு ஓட்டை இருந்தது. பாஸ் அதற்குள்ளால் உள் துணிக்குள் போய்விட்டது. வந்திறங்கிய அன்று கோட்டை வாங்கிச் சோதித்துவிட்டு அடுத்த நாள் திருப்பிக் கொடுத்தார்களாம். பாஸை வைத்துக்கொண்டார்கள். பிரதியின் கீழே யாரோ ஒரு அதிகாரி பேனையால் எழுதியிருந்தார்: முன்னர் மேற்கு ஜேர்மனியில் இருந்தவர். அவ்வளவுதான். அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

“முதல் நாளிலிருந்தே அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இருக்க அனுமதி கொடுத்தார்கள்” என்றார் சொலிசிட்டர். நான் தமிழில் சொன்னேன்.

“திருப்பிச் சொல்லு” என்றார் அப்பா.

திருப்பிச் சொன்னேன். அப்பா படத்தையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மீசை நல்லாத்தான் இருந்திருக்கு” என்றார். அதை மொழிபெயர்க்கவேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கையில் இருந்தோம். பாதி வழியில் அப்பா, “தங்கச்சியின்ர கலியாணத்துக்குப் போயிருக்கலாம்” என்றார். சொல்லிவிட்டு, அத்தனை சனத்துக்கு முன்னால் விம்மி விம்மி அழுதார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டி இரண்டு தரிப்பு போய்விட்டோம்.

விஷயத்தைக் கேட்ட அம்மா, “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று தலையில் அடித்துக்கொண்டார். தான் ஏமாந்த கோபம் அவருக்கு ஆறவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு நண்டுக் கறி வைத்தார். பதினோராவது கேள்விக்கு நேரே ‘ஆம்’ என்று எழுதினேன். பட்டினத்தின் பெயரை அப்பா எழுத்துக்கூட்டிச் சொன்னார். பதினாலு மாதம். விசா மூன்று கிழமையில் வந்தது. ஜேர்மனியில் ஒருவரும் எந்த ஃபைலையும் தேடவில்லை.

அந்த வருடத்தில் நான் படித்த பொருளியலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் இரண்டு மாதம் விரிவுரைகளில் பாதி விளங்கவில்லை, மற்றப் பாதியை விளங்கியதாக நினைத்துக்கொண்டேன். மாமியின் வீடு ரயிலில் இரண்டு மணித்தியாலம். நான் அவருக்கு ஃபோன் எடுத்தபோதெல்லாம், “படிக்க வந்தனீர், படியும்” என்று வைத்துவிடுவார். ‘நீ’ என்னாமல் சொன்ன அந்த ‘நீர்’ எனக்குச் சுட்டது. பொறுத்துப் பார்த்துவிட்டுத் தைப்பொங்கலன்று சொல்லாமல் கொள்ளாமல் போய் வாசலில் நின்றேன். நல்ல நாளில் வந்த பிள்ளையைத் துரத்தமுடியுமா? உள்ளே விட்டார். பொங்கல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே ஃபோம், பதினோராவது கேள்வி, பஸ் பாஸ் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

“ஒரு ஃபோன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே!”

“ஃபோனில ஒட்டுக் கேப்பாங்கள் எண்டும் பயம், மாமி.”

மாமி சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கினார். “விசரன், விசரன். என்ர அண்ணை ஒரு விசரன்” என்று ஐந்து வருடத்துக்கும் சேர்த்துத் திட்டினார். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே மோதிரம். “தோழனா நிண்ட பெடியனுக்கு அவசரத்தில வேற ஒண்டு வாங்கிப் போட்டது. இது அண்ணையின்ர அளவுக்குச் சொல்லிச் செய்வித்தது. வேற ஆருக்கும் குடுக்க மனம் வரேல்லை. நீயே கொண்டுபோய்க் குடு.”

“நீங்களே ஃபோன் எடுங்கோவன், மாமி.”

“நான் எடுக்கமாட்டன். அவர் எடுக்கட்டும்” என்றார். இந்தக் கோபம் எங்கள் குடும்பத்துச் சொத்து என்று அப்போதுதான் தெரிந்தது. நடந்ததை நான் சொல்லியும் அப்பா அடுத்த ஆறு மாதமும் மாமிக்கு ஃபோன் எடுக்கவில்லை. என்ன முகத்தோடு கதைப்பது என்றார்.

கோடையில் டூட்டிங்குக்குத் திரும்பி வந்து பெட்டியை அப்பாவின் கையில் கொடுத்தேன். திறந்ததுமே என்ன மோதிரம் என்று அவருக்கு விளங்கியது. எடுத்து மோதிர விரலில் போட்டார். பத்து வருட லோண்டரி வெந்நீரில் விரல் மொளி வீங்கியிருந்தது. பாதிக்கு மேல் ஏறவில்லை. “சவர்க்காரம் போட்டுப் பாருங்கோ” என்றார் அம்மா. சவர்க்காரமும் போட்டார், எண்ணெயும் போட்டார். கடைசியில் அது சின்ன விரலில் போய் இருந்தது.

அப்படியே எழுந்து வீட்டு நடைவழிச் சுவரில் இருந்த ஃபோனடிக்குப் போனார். நான் என் கொப்பியைத் திறந்து மாமியின் நம்பரை வாசிக்கத் தொடங்கினேன். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. நான் மூன்றாவது இலக்கத்தை வாசிக்க முன்னமே, பதின்மூன்று இலக்கத்தையும் நிறுத்தாமல் அழுத்திக்கொண்டு போனார்.