ஏழு பேருக்கான அடுப்பு

பேரின்பநாதன் அண்ணைக்கு உலகத்தில் எதையும் ஆள் எண்ணித்தான் அளக்கத் தெரியும். திருகோணமலையில் துறைமுகத் தொழிலாளர் கன்டீனில் பதினெட்டு வருடம் சமைத்தவர். இத்தனை தலை என்றால் இத்தனை கொத்து அரிசி, இந்தக் கிடாரம். சொல்லாமல் வருகிற பத்துப் பேருக்கும் அதிலேயே இடம் இருக்கும். அந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை என்பார். பிசகியிருந்தாலும் ஒப்புக்கொள்ளுகிற ஆள் இல்லை.

எண்பத்து நாலில் மொன்றியலுக்கு வந்தவர், கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் தட்டுக் கழுவினார். அவரும் நானும் கார்ட்டியர்வில்லில் முசியே துபே என்ற கிழவரின் வீட்டு பேஸ்மன்டில் குடியிருந்தோம். சுவரோடு ஓடிய மின்சார ஹீட்டர் பெயருக்குத்தான். தை மாதத்தில் தொப்பி போட்டுக்கொண்டு படுப்போம். எங்களுக்கு அது பழகிவிட்டது. ஆனால் எண்பத்தேழு தை கடைசியில் அவருடைய மனைவி சிவநேசமும் மகளும் வருவதாக இருந்தது. சிவநேசம் அக்காவுக்குத் தொய்வு. குளிர் பட்டாலும் இழுக்கும், புகை பட்டாலும் இழுக்கும். மூன்று வருடம் காத்திருந்து வருகிறவளுக்கு இங்கே மூச்சு முட்டக்கூடாது என்பதுதான் அண்ணையின் ஒரே கவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேஸ்மன்டில் ஒரு பழைய புகைபோக்கி இருந்தது. அதில் விறகடுப்பு பொருத்தலாம் என்று துபே அனுமதி தந்தார். பழைய அடுப்புகள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, அறை எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம் என்பது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளங்கியதை அண்ணையிடம் சொன்னேன்.

"ஏழு பேர் எண்டு சொல்லு," என்றார்.

"அண்ணை, அவர் கேக்கிறது அறையை."

"அறைக்கென்ன குளிரே? ஆக்களுக்குத்தானே குளிர். ஏழு பேர்."

அண்ணை, அக்கா, மகள், மூன்று. மிச்சம் நாலு பேர், தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்த அவருடைய தம்பி அருளம்பலமும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அவர்களுக்கு விசா இல்லை என்று கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர்களை எண்ணியவர் பக்கத்தில் நின்ற என்னை எண்ணவில்லை. குடும்பம் வந்ததும் நான் வேறு இடத்துக்குப் போவதாக ஏற்பாடு என்றாலும், எனக்குச் சுருக்கென்றது.

கடைக்காரர் காட்டியது சின்ன அடுப்பு. அண்ணை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடையின் பின்பக்கம் போய், கன்றுக்குட்டி படுக்கக்கூடிய அளவில் இருந்த ஒரு கறுப்பு இரும்பு அடுப்பைக் கிடாரம் தட்டிப் பார்ப்பதுபோல விரலால் தட்டினார். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. நாலு பேர் சேர்ந்து அதைப் படியில் இறக்கினோம். எனக்கு இடுப்பு ஒரு கிழமை நிமிரவில்லை.

முதல் தீ மூட்டி அரை மணித்தியாலத்தில் இரண்டு பேரும் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாரத்தோடு நின்றோம். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை, உள்ளே யன்னல் முழுக்கத் திறந்திருந்தது. அவியுதே என்று அடுப்பின் காற்றுக் கதவைச் சாத்தினால் விறகு எரியாமல் புகைந்தது. கண் எரிந்தது. இரண்டு மூன்று நாள் இப்படியே எரித்தோம். மணம் பிடித்து இறங்கி வந்த துபே, அடுப்பு ஆறியதும் புகைக்குழாயைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த தாரைக் காட்டினார். பெரிய அடுப்பைச் சின்ன அறையில் அடக்கி எரித்தால் இப்படித்தான் புகையும், இந்தத் தார் பற்றினால் வீடே போகும், சின்ன அடுப்பு வை என்றார்.

அண்ணை மாட்டேன் என்றார். அக்கா வர ஐந்து நாள்தான் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"வந்த அண்டைக்கே அக்காவுக்கு இழுக்கப் போகுது. பேந்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட வேணும்."

அவர் கழற்றி வைத்த குழாயைத் திரும்ப அடுப்பில் பொருத்தினார். பிறகு மெல்லச் சொன்னார்.

"சின்னன் வைச்சால் அருளம்பலம் வரமாட்டான் எண்டு நானே முடிவுகட்டின மாதிரி, தியாகலிங்கம். விசாக் கந்தோர்காரன் சொல்லட்டும். நான் எப்பிடிச் சொல்லுறது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாள் இந்த மனுசனைப் பிடிவாதக்காரர் என்று பகிடி பண்ணிக்கொண்டு திரிந்திருக்கிறேன். துபே என் முகத்தைப் பார்த்து என்ன சங்கதி என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். கிழவர் படியில் உட்கார்ந்தார்.

"நாங்கள் வீட்டில் பதின்மூன்று பிள்ளைகள்," என்றார். "எல்லோரும் வீட்டில் இருந்தால் அப்பா விறகைக் குறைப்பார். ஒவ்வொரு உடம்பும் ஒரு கணப்புத்தான். ஆட்கள் கூடினால் அடுப்பு சின்னதாகப் போதும்."

நான் தமிழில் சொன்னதை அண்ணை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அப்ப சின்னன் வைச்சால் அவங்களுக்கு இடமில்லையெண்டு அர்த்தமில்லை?"

"இல்லை அண்ணை. அவங்கள் வந்தால்தான் அது சரியான அளவு."

கிழவர் சொன்னது விஞ்ஞானமா, ஆறுதலா என்று நான் விசாரிக்கவில்லை. அடுத்த நாளே அடுப்பை மாற்றினோம். பெரியதைப் படியால் மேலே ஏற்றியபோது அண்ணை ஒருமுறைகூட முணுமுணுக்கவில்லை.

சிவநேசம் அக்கா வந்த மறுநாள் காலை போனேன். மகள் நித்திரை. அக்கா சின்ன அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணை அக்காவின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் காது கொடுத்தேன். இழுப்பு இல்லை. ஆனால் வெளியே காற்று அடித்தபோது அறை சற்றே குளிர்ந்தது, அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

நான் வெளிக்கிடும்போது அண்ணை ஒரு நீலக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லித் தந்தார். தம்பிக்கு எழுதியது, இன்னும் ஒட்டவில்லை. படிக்கக்கூடாதுதான், பஸ் தரிப்பில் நின்று படித்தேன். விசா மறுத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. திரும்ப விண்ணப்பிக்கச் சொல்லி ஒரு வரி. அதற்குக் கீழே, "இங்கே வீடு கொஞ்சம் குளிர். நீங்கள் நாலு பேரும் வந்தால் சரியாகிவிடும்."