பெட்டி ஓரத்துக் கை

பிள்ளைகளே, பழைய குடும்பப் படம் ஒன்றை ஸ்கேன் செய்து, நேற்று என் மகள் கணினியில் திறந்தாள்.

"அப்பா, இந்தச் சவப்பெட்டியப் பாத்தா பயமா இருக்கு. வெட்டிடவா?"

"அதுலதாம்மா என் அம்மா இருக்காங்க. அவங்களுக்கு வேற படமே இல்ல."

பண்டார் தெங்காரா என்ற ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் நான் சின்னப் பையனாக இருந்தபோது யாராவது இறந்தால்தான் டவுனிலிருந்து படக்காரர் வருவார். அம்மாவின் பெட்டியைச் சுற்றி எங்களை நிறுத்தினார்கள். ஊதுபத்தி வாசத்தையும் மீறி தோட்டத்துப் பனையெண்ணெய் ஆலையின் நெடி அடித்தது. அப்பா அம்மாவின் முகத்தில் பவுடர் பூசி, தலை சீவிவிட்டார். அம்மா உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அவர் அப்படிச் செய்ததில்லை.

"எல்லாரும் கேமராவைப் பாருங்க லா," என்றார் படக்காரர்.

"அம்மாவுமா?" என்று கேட்டான் என் தம்பி.

நான் மகளிடம், "எங்களையெல்லாம் வெட்டிடும்மா. அம்மா முகம் மட்டும் இருக்கட்டும்," என்றேன். அவள் நான்கு பக்கமும் கட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தாள்.

"பெட்டி ஓரத்துல ஒரு சின்னக் கை தெரியுதுப்பா. அதையும் எடுத்திடவா?"

"வேணாம்மா. அது என் கை. மூடியப் போட்டுடுவாங்கன்னு பிடிச்சிக்கிட்டு நின்னேன்."